ஆணிக்கு ஒரு சாண் வெளியே

1.

இந்தக் கதை ரப்பரால் அழித்த ஓர் இடத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கரையில் பாசிகளைக் கணக்கெடுக்கும் ஹனியாவின் குறிப்பேடுகளை அலுவலகத்துக்காகத் தட்டச்சு செய்வது என் வேலை. ஐந்தாம் ஆண்டின் கடைசிப் பக்கத்தில், ‘பழுப்புப் பாசி’ என்பதற்கு எதிரே இருந்த எண்ணை யாரோ தாள் மெலியும்வரை தேய்த்திருந்தார்கள்.

(யாரோ என்ன யாரோ. அவள்தான்.)

2.

கடல் உள்வாங்கிய காலையில் பாறைகளின் மேல் பொன்னிற வெளிச்சம்

வேண்டாம். வெளிச்சத்துக்கு இங்கே வேலையில்லை.

எல் ஜதீதா நகருக்குத் தெற்கே, எங்கள் கரையில் ஊர்ச் சாக்கடை விழுந்த காலத்தில் பாறையெல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது. சாக்கடையைத் தின்று கொழுத்த பாசி. கழிவைச் சுத்திகரிப்புக்குத் திருப்பிய மறுவருடமே அது செத்தது. சிவப்புப் பாசி அறுத்துப் பிழைத்த பூஷைப், ஹனியாவிடம் சண்டைக்கு வந்தார். லல்லா (அம்மா), ஸி (ஐயா) என்ற மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

“நல்லா இருந்த கடல மொட்டையடிச்சுட்டீங்களே லல்லா! இதுக்குத்தான் படிச்சீங்களா?”

“அது நோவு பிடிச்ச பச்சை, ஸி பூஷைப். நல்ல பாசி மெதுவாத்தான் வரும்.”

“எவ்வளவு மெதுவா? நான் இருக்கும்போதா, போனப்புறமா?”

[கடைசி வரி நான் எழுதிக் கொடுத்தது. அவர் உண்மையில் சொன்னது அச்சில் ஏறாது.]

3.

கரையில் பாசி அறுக்கத் தடை போட்டார்கள். பாறையில் நான்கு ஆணி அடித்து ஒரு சதுரம் குறித்தார்கள். ஐந்தாம் ஆண்டில் அதற்குள் பழுப்புப் பாசி ஒரு கொத்தாவது இருந்தால் கடல் தேறிவிட்டது, தடை நீங்கும். இல்லையென்றால் இன்னும் ஐந்து வருடம்.

மூன்றாம் ஆண்டு, கல்போல் விறைத்த இளஞ்சிவப்புப் பாசி விரல்நகம் அளவுக்கு வந்தது. நான்காம் ஆண்டு சிவப்பு. பழுப்பு எப்போதும் கடைசியாக வருவது. பூஷைப்புக்கு வயது ஐம்பத்தெட்டு. மச்சான் கடையில் புதினாக் கட்டு விற்கிறார்.

4.

ஐந்தாம் ஆண்டு, கடல் மிக அதிகம் வற்றும் மார்ச் நாளில், ஹனியா கம்பிச் சதுரத்தை ஆணிகளில் மாட்டினாள். உள்ளே பழுப்பு இல்லை. ஒரு சாண் வெளியே, ஒரு குழிக்குள், ஒரே ஒரு கொத்து. கூடவே வந்திருந்த பூஷைப் அதைக் காட்டினார்.

“இருக்குல்ல லல்லா? கண்ணு முன்னால இருக்குல்ல?”

“கம்பிக்குள்ள இல்லையே.”

“கடலுக்குத் தெரியுமா உங்க கம்பி? கொஞ்சம் நகத்துங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.”

“நகத்துனா என் அஞ்சு வருஷமும் பொய்யாப் போயிரும்.”

“எனக்கும் அதே அஞ்சு வருஷந்தான் போச்சு.”

அவள் எதையோ எழுதினாள். பிறகு அழித்தாள்.

முடிவு அ: ஒன்று என்று போட்டாள். பூஷைப் அரிவாளை எடுத்துக்கொண்டு

முடிவு ஆ: பூஜ்யம் என்று போட்டாள். பூஷைப் மறுநாள் புதினாவை

முடிவு இ: கொத்தை நானே ஒரு சாண் உள்ளே முளைக்கவிடுவது. அவளால் முடியாதது எனக்கு ஒரே வாக்கியம். இவ்வளவு சுலபமாக இருப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5.

கேட்டும் பார்த்தேன். தேநீர் ஊற்றிக்கொண்டே ஹனியா சொன்னாள்: “என்ன தெரியுதோ அதப் போடு.”

தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்று என்ற எண்ணும் தெரிகிறது, பூஜ்யமும் தெரிகிறது. எது முதலில், எது பிறகு என்று மட்டும் தெரியவில்லை. கரைக்குப் போய்க் கையை விரித்து அளந்தேன். சரியாக ஒரு சாண்.

அறிக்கை மதியத்துக்குள் போயாக வேண்டும். பூஷைப் இன்று கடைக்குப் போகவில்லை, அலுவலக வாசலில் நிற்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டம் காலி. நீங்களே ஓர் எண் போடுங்கள். போட்டுவிட்டு, வெளியே போய் அவரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.