பத்து மாதம் காய்ந்த புளிய விறகு

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்தது. பால்கோவா போடும் அங்காளம்மாள் அக்கா. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“ஏட்டி ஈஸ்வரி, நீ அனுப்புனது விறகா, வாழத்தண்டா? விடியக்காலத்துல இருந்து ஊதுறேன். தீயக் காணோம், பொகைதான் வருது. ஒரு சட்டிக் கோவா பொகை வாடையில போச்சு. ஆடிப்பூரத்துக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. நாளைக்குக் காலைல கேஸ் அடுப்புக்காரன வரச் சொல்லிட்டேன்.”



ராஜபாளையத்தில் சமுத்திரம் அண்ணாச்சியின் விறகுக் கடையில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். சாயங்காலம் நூற்பாலைத் தரச் சோதனை வகுப்புக்குப் போகிறேன். பஞ்சில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அதைக் காயவைத்து நிறுக்க வேண்டும். மறுபடி காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். விறகுக்கும் அதேதானே என்று எனக்குத் தோன்றியது.

போன புரட்டாசியில் தேவதானத்தில் ஒரு புளியந்தோப்பை வெட்டினார்கள். அந்த லோடை உடனே விற்காமல் பிளந்து, காற்றுப் போக இடம் விட்டு அட்டியாக அடுக்கி, மேலே தகரம் போட்டுக் காயவைப்போம் என்று அண்ணாச்சியிடம் சொன்னது நான்தான். அட்டிக்கு ஒரு தகரப் பலகை. அதில் லோடு வந்த தேதியும் பிளந்த தேதியும் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அதே அட்டியின் ஒரு மாதிரிக் கட்டையை நிறுத்து நோட்டில் எழுதினேன். பங்குனியில் எடை குறைவது நின்றது; மாதிரிக் கட்டையைக் கடைக்குள் எடுத்து வைத்துவிட்டேன். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் நான்கு மாதம் இருக்கட்டும் என்றேன். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் சம்மதித்தார். திங்கட்கிழமை அந்த மூன்றாம் அட்டி முழுவதும் அங்காளம்மாள் அக்காவுக்குப் போனது.

போனில் வந்த செய்தியைச் சொன்னதும் அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பத்து மாசம்! இந்நேரம் ஒரு பிள்ளையப் பெத்து, பேரும் வச்சிருக்கலாம். அம்புட்டு நாள் காஞ்ச விறகு எப்படி ஏட்டி பொகையும்?”

எப்படி என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. இரண்டு மாதமாக அதை நோட்டில்கூட எழுதாமல் வைத்திருந்தேன்.

வைகாசியில் ஒருநாள் சூறைக்காற்றில் தகரங்கள் பறந்தன. மூன்றாம் அட்டியின் பலகையும் நான்காம் அட்டியின் பலகையும் கீழே விழுந்து கிடந்தன. எது எதிலிருந்து விழுந்தது என்று பார்த்தவர் யாருமில்லை. நான்காவதும் புளிய விறகுதான்; ஆனால் சித்திரையில் கூமாப்பட்டியிலிருந்து வந்த பச்சை விறகு. எனக்குச் சரி என்று பட்ட இடத்தில் பலகைகளை மாட்டினேன். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டியும் பார்த்தேன். சரியாகத்தான் கேட்டது. ஆனால் சரியாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டால் எந்தக் கட்டையும் சரியாகத்தான் கேட்கும்.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. நான்காம் அட்டி போன வாரமே ஒரு செங்கல் சூளைக்குப் போய்விட்டது.

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“சரி, நேர்ல போய்ப் பாரு. பச்ச விறகுன்னா பச்ச விறகுன்னு ஒத்துக்கிட்டு வா. பொறவு அந்தப் பலகையெல்லாம் கழட்டிப் போட்டுருவோம். வர்ற லோட வந்த அன்னைக்கே வித்துருவோம். அதுக்கு நோட்டு எழுத ஒரு ஆளு வேண்டாம். நீயும் ஏதாவது மில்லுல சேந்துக்க.”

ஒரு துணிப்பையில் நோட்டு, கொக்கித் தராசு, சிவப்புப் பெயின்டில் மூன்று என்று எழுதிய மாதிரிக் கட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கட்டை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் அதைப் பார்த்தார். “யார அடிக்கப் போறம்மா?”

“யாரையும் இல்லண்ணே.”

“பொறவு அடி வாங்கவா போற?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்காளம்மாள் அக்காவின் அடுப்புக் கொட்டகை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. வாசலுக்கே புகை வந்து நின்றது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

முற்றத்தில் அவருடைய கணவர் பால்ச்சாமி பால் கேன்களைத் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இருபத்து நான்கு வருடம் இருந்துவிட்டுச் சித்திரையில்தான் ஊருக்கு வந்தவர். சுவர் கழுவப்பட்டிருந்தது. தரை கழுவப்பட்டிருந்தது. சைக்கிளின் மணிகூடப் பளபளத்தது.

“விறகுக்கடைப் பிள்ளையா? வாம்மா. ஸ்டாக்கப் பாரு” என்று அவரே கூட்டிப் போனார்.

நான் அனுப்பிய விறகு சுவர்போல நின்றது. முனைகள் எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. மேலேயும் நான்கு பக்கமும் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

“ஒரு கட்ட முன்ன நிக்காது, ஒரு கட்ட பின்ன நிக்காது. தார்ப்பாயப் பாத்தியா? ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது.”

கயிற்றை அவிழ்த்து ஒரு கட்டையை எடுத்தேன். கனமாக இருந்தது. கொக்கியில் மாட்டி நிறுத்து, நோட்டில் எழுதினேன். அளவு வேறான கட்டை, அதனால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை என்று தெரியும். இருந்தும் எழுதினேன். இன்னொரு கட்டையை எடுத்துத் தட்டினேன். மண்ணில் தட்டியதுபோல மொத்தென்று கேட்டது. என் பையில் இருந்த மாதிரிக் கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்டது.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். இனி எதற்கு நிறுத்துப் பார்க்க வேண்டும்?

“அக்கா, தப்பு என்மேலதான்” என்றேன். பலகை விழுந்த கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அங்காளம்மாள் அக்கா முந்தானையால் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “இத நீ வைகாசியிலயே சொல்லிருக்கலாம்லா” என்றார். திட்டவில்லை. சலித்துப்போன குரலாக இருந்தது.

திரும்பிப் போய் அண்ணாச்சியிடம் சொல்வதற்கு, பார்த்ததை முழுதாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பட்டது. “ஒரு கட்டையப் பொளந்து பாக்கவா?” என்று கேட்டேன்.

பால்ச்சாமி அண்ணன் கோடாலியோடு வந்தார். ஒரே வெட்டு. கட்டை இரண்டாகத் தெறித்து விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

வெளிப்பக்கம் கறுத்து, நசநசவென்று இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பு நகக்கண் ஆழம்தான். அதற்கு உள்ளே வெளுத்து, ஓடுபோல உலர்ந்திருந்தது. விரலால் தேய்த்தால் தூள் வந்தது. நம்பாமல் அடியிலிருந்து இன்னொரு கட்டையை இழுத்துக் கொடுத்தேன். அதுவும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படியே.

பச்சை விறகு வெளியே காயும், நடுவில் ஈரமாக இருக்கும். இது தலைகீழாக இருந்தது.

“அக்கா, இங்க மழை பெஞ்சுதா?”

“ஆடியில மழைக்கு எங்கடி போறது? காத்துதான் ஆளத் தூக்குது.”

நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். அக்காவும் நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, விறகு வந்து எறங்குனப்ப நான் பால் சொசைட்டிக்குப் போயிருந்தேன். நீங்க என்ன செஞ்சீங்க?”

“அடுக்குனேன்.”

“அதுக்கு முந்தி?”

“எம்புட்டு மண்ணு தெரியுமா அதுல! பல்லி எச்சம் வேற. திங்குற பொருளு செய்யுற எடம். கழுவித்தான் அடுக்குனேன்.”

“விறகக் கழுவுனீங்களா?”

“ரெண்டு தடவ.”

அக்கா இடுப்பில் கை வைத்தார். “சோப்புப் போட்டீங்களா?”

“சோப்பெல்லாம் போடல” என்றார் அவர் உண்மையாகவே.

“அத மட்டும் ஏன் விட்டுட்டீங்க? துண்டு எடுத்துத் தொவட்டி, பவுடர் பூசிப் படுக்க வச்சிருக்கலாம்லா! ஒரு சொட்டு உள்ள போவாதாம். உள்ள இருக்கது எப்படிய்யா வெளிய போவும்?”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கழுவிய தரை, ஈரமாக இருந்தது. பரவாயில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் எது என்று எனக்கே தெரியவில்லை. பலகையைச் சரியான அட்டியில்தான் மாட்டியிருக்கிறேன். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த லோடு இறங்கியது.

பால்ச்சாமி அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “இப்ப என்ன செய்யணும்?”

சொன்னேன். விறகுச் சுவரைப் பிரித்துக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வெயிலில் பரப்பினோம். மலைப் பக்கத்திலிருந்து வந்த ஆடிக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சாயங்காலப் பாலுக்கு வேண்டியதை மட்டும் அவர் சிறிதாகப் பிளந்தார். உள்ளே இருந்த உலர்ந்த பக்கம் வெளியே வந்தது. கட்டைகளுக்கு நடுவே எத்தனை விரல் இடைவெளி விட வேண்டும் என்று கேட்டார். நான்கு என்றேன். ஒவ்வொன்றுக்கும் விரல் வைத்து அளந்தார்.

மூன்றரை மணிக்கு அக்கா அடுப்பைப் பற்றவைத்தார்.  முதலில் கொஞ்சம் புகை வந்தது. பிறகு மஞ்சளாக ஒரு தீ கட்டையைப் பிடித்து நின்று எரிந்தது. கொட்டகைக்குள் எதிர்ச்சுவர் தெளிவாகத் தெரிந்தது. அக்கா சட்டியைத் தூக்கி வைத்தார், பாலை ஊற்றினார், கிண்ட ஆரம்பித்தார். கிண்டிக்கொண்டே இடது கையால் போனை எடுத்து, கேஸ் அடுப்புக்காரரை நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். “காஞ்ச விறகுதான் அண்ணாச்சி. கழுவிட்டாங்க.”

“எதக் கழுவிட்டாங்க?”

“விறக.”

 அவர் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.

“சரி, வகுப்புக்குப் போறதுக்கு முந்தி பஜார்ல ஆணி வாங்கிட்டு வா. பலகையக் கம்பியில கட்டாத. ஆணி அடி.”

வாங்கினேன். கடையில் ஆணியோடு, அக்கா கொடுத்தனுப்பிய புகை வாடைப் பால்கோவாவையும் மேஜைமேல் வைத்தேன். அண்ணாச்சி ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

“பொகையெல்லாம் ஒண்ணும் தெரியலையே” என்று மறு விள்ளல் எடுத்தார்.

எனக்குத் தெரிந்தது. ஆனால் நானும் இரண்டாவது முறை எடுத்துக்கொண்டேன்.