யார் கேட்கச் சொன்னது?

ஜெபக்கூடத்தில் கூட்டம் சேர்ந்தால் உபதேசியார் சந்தோஷப்பட வேண்டும். வேதமாணிக்கம் உபதேசியார் பயந்தார்.

குளுவாங் ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் அரைநாள் போனால் வரும் அந்த ரப்பர் தோட்டத்துக்கு அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. எட்டு வருஷமாகப் புதன்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடத்துகிறார். வருவது மூன்று பேர். ஒருவர் காது மந்தமான சபாபதிக் கிழவர். இன்னொருத்தி தனலெட்சுமி, மாமியார் கண்ணில் படாமல் ஒரு மணி நேரம் உட்கார அவளுக்கு வேறு இடம் இல்லை. மூன்றாவது ஆள் மழைக்கு ஒதுங்குகிறவர், வாரத்துக்கு வாரம் மாறுவார். இவர்களை வைத்துக்கொண்டு உபதேசியார் ஊரில் படித்த பழைய பிரசங்கத்தையே திருப்பித் திருப்பிச் சொன்னார். யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லக் கேட்டிருக்க வேண்டுமே.

அப்படிப்பட்ட ஜெபக்கூடத்தில் ஒரு புதன்கிழமை பாய் போட இடமில்லை. ரப்பர் பால் வெட்டுகிற ஆண்களும் பெண்களும் குளித்து முழுகி வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாடம் முடிவதற்குள் கருப்பாயி எழுந்து நின்றாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு மரியாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் சபைப் பதிவோடு சரி.

"உபதேசியாரே, ஏசுசாமிக்குப் பசிச்சிதுன்னு போன மாசம் வாசிச்சீங்க. சாமிக்குப் பசிக்குமா? பசிச்சா அவரு எப்படிச் சாமி?"

அது ஆழமான ரகசியம், அடுத்த புதன்கிழமை பார்க்கலாம் என்று உபதேசியார் சமாளித்தார். உடனே பின்னால் இருந்து செல்லப்பன் எழுந்தான். ஏசுவின் கதையை நாலு பேர் எழுதியிருக்கிறார்களே, நாலும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று கேட்டான். அதுவும் அடுத்த புதன்கிழமைக்குப் போயிற்று.

அன்றைக்கு உபதேசியாருக்குச் சோறு இறங்கவில்லை. கருப்பாயி கெட்டிக்காரிதான். ஆனால் இது அவள் வாயில் வருகிற கேள்வி இல்லை. யாரோ ஊதிவிடுகிறார்கள். நெருப்பில்லாமல் புகையாது. நெருப்பு வைத்தவன் யார்?

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து மிஷன் துரை வருஷத்துக்கு ஒருமுறை வந்து சபையை விசாரித்துப் போவார். அடுத்த மாதம் வருகிறார். சபையை வேறு கூட்டத்தார் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அவர் காதில் விழுந்தால் வேதமாணிக்கத்துக்குக் கப்பல் டிக்கெட்தான். ஊரில் அவருக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் இந்த அத்தாப்பு ஓலைக் கூரையை நம்பித்தான் இருந்தார்கள். துரை இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். இது சுல்தான் சீமை. இஸ்லாமானவர்களிடம் மதம் பேசி ஒரு புகார் வந்தாலும் ஜெபக்கூடத்துக்குப் பூட்டு.

அந்த இரண்டாவது கட்டளையை உபதேசியார் எழுத்துப் பிசகாமல் காத்துவந்தார். தோட்ட முகப்பில் ருக்னுதீன் பாய் கடை இருந்தது. பாய் தொண்டிக்காரர், நல்ல தேத்தண்ணி போடுவார், அதைவிட நன்றாகப் பேசுவார். தினமும் காலையில் உபதேசியார் அங்கே ஒரு குவளை குடித்துவிட்டுத்தான் வேலையைப் பார்ப்பார். போன வருஷம் ஒருநாள் பாய் ஆற்றிக்கொண்டே, "ஈசா நபி ராவெல்லாம் தனியாப் போயித் தொழுதாராமே. உங்க கணக்குல அவரே சாமின்னா, யாரைத் தொழுதாரு?" என்று கேட்டார். உபதேசியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "ரப்பர் விலை இன்னைக்கு எப்படி பாய்?" என்றார். அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை பாய் ஏதோ கேட்டார். ரப்பர் விலை கைகொடுத்தது. தன்னுடைய விவேகத்தை உபதேசியார் தானே மெச்சிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் தகரப்பெட்டியைத் திறந்து, ஊரில் படித்த காலத்துப் புத்தகங்களைப் பூச்சி தட்டி எடுத்துப் புரட்டினார். எட்டு வருஷத்தில் முதல்தடவையாகத் தனக்குத் தெரியாத ஒன்றைத் தேடினார். அடுத்த புதன்கிழமை கருப்பாயிக்குப் பதில் சொன்னார்.

"பெரிய மனுஷன் ஒருத்தன் ஏழை வீட்டுக்கு விருந்தாளியா வர்றான். கட்டுச்சோத்தைக் கையோட கொண்டுவந்து தின்னுட்டுப் போனா அது விருந்தா? அந்த வீட்டுப் பசியிலயும் பங்கு எடுத்துக்கிட்டாத்தான் அவன் அந்த வீட்டுக்கு வந்தவன். சாமி நம்ம வீட்டுக்கு அப்படித்தான் வந்தாரு."

சொல்லி முடித்தபோது அவருக்கே நெஞ்சு நிறைந்தது. ஆனால் எதிரே இருந்தவர்களைப் பார்த்ததும் நிறைந்தது வடிந்துவிட்டது. அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். மனப்பாடம் செய்கிறார்கள். யாரிடம் ஒப்பிக்க?

முதல் சந்தேகம் ஜெயபாலன் கிராணி மேல் விழுந்தது. தோட்டத்துக் கணக்குப் பார்ப்பவர், சபையில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள், துரைக்கு மொழிபெயர்ப்பவர். வேலையில்லாத மைத்துனன் ஒருவன் அவருக்கு இருந்தான். உபதேசியாரைக் கிளப்பிவிட்டு அவனை உட்காரவைக்கத்தான் இந்த வேலை என்று வேதமாணிக்கம் முடிவுகட்டினார். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு சாயங்காலம் கிராணி வீட்டு வாழை மறைவில் போய் நின்றார். உள்ளே ரகசியக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. கருவாட்டில் உப்பு அதிகம் என்று புருஷனும் பெண்சாதியும் சண்டைபோட்டார்கள். செவ்வெறும்பு ஏறிக் கடித்ததில் உபதேசியார் காலை உதற, கிராணி விளக்கோடு வெளியே வந்தார்.

"யாரது, உபதேசியாரா? வாழைக்கு ஜெபம் பண்றீங்களா?"

ஏதோ உளறிவிட்டு வந்தார். அன்றிலிருந்து ஜெயபாலன் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். போகிற இடம், வருகிற இடம் எல்லாம் கிராணியின் கறுப்புக் குடை தென்பட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சனங்கள் வீட்டுக்குப் போகாமல் கும்பலாகத் தோட்ட முகப்பை நோக்கி நடந்தார்கள். உபதேசியார் எட்ட நின்று பின்தொடர்ந்தார். பாய் கடைக்குப் பக்கத்தில் வெங்காய மூட்டை அடுக்கிய சாய்ப்பு இருந்தது. அதில் ஒதுங்கிக் காதைக் கொடுத்தார்.

"சரி, உங்க சாமிக்கு ஏன் பசிச்சிது? கேட்டுட்டு வந்தீங்களா?" என்றார் ருக்னுதீன் பாய்.

கருப்பாயி சொன்னாள். விருந்தாளி, கட்டுச்சோறு, ஏழை வீடு, எல்லாம் சொன்னாள். அவரைவிட நன்றாகவே சொன்னாள். பாய் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தாடியைத் தடவினார். பேச்சு நல்லாத்தான் இருக்கு, ஆனால் அல்லாவுக்குப் பசி இல்லாமலே நம் பசி தெரியுமே, தெரிவதற்குப் பசித்துத்தான் ஆக வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். உடனே செல்லப்பன் அதற்கு ஒன்று சொல்ல, பாய் சிரிக்க, பெஞ்சு முழுக்கப் பேச்சும் சிரிப்புமாகக் கிடந்தது. அடுத்த புதன்கிழமை கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுச் சனங்கள் எழுந்தார்கள்.

மூட்டைக்குப் பின்னால் உபதேசியார் இன்னும் குனிந்து பதுங்கினார். தன் வார்த்தை அந்தக் கடையில் நிமிர்ந்து நின்றதைக் கேட்டு ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நொடி பயம் அதை விழுங்கிவிட்டது. எந்த நெருப்பைத் துரை தொடக்கூடாது என்றாரோ, அதில் சபை முழுக்கக் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த மனுஷன் தேத்தண்ணி ஊற்றி ஊற்றி ஆட்களை இழுக்கப் பார்க்கிறான், பள்ளிவாசல் வரைக்கும் இழுக்காமல் விடமாட்டான் என்று நினைத்தார். நினைக்க நினைக்க அது நிச்சயமாகிக்கொண்டே வந்தது.

புதன்கிழமை சனங்கள் கொண்டுவந்த பாயின் கேள்வியை வழக்கம்போல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் போட்டு உடைத்தார். பசுத்தோல் போர்த்திய புலி ஒன்று தோட்ட முகப்பில் குவளையோடு உட்கார்ந்திருக்கிறது என்றார். அந்தக் கடையில் இனிமேல் தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்கு அப்பம் வாங்குகிற இராப்போஜனப் பந்தியில் இடமில்லை என்றார். சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயபாலன் மட்டும் மெச்சித் தலையாட்டினார்.

சனங்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். கடைப்பக்கம் யாரும் போகவில்லை. புதன்கிழமை ஜெபக்கூடத்துக்கும் வரவில்லை. சபாபதிக் கிழவர் வந்தார், தனலெட்சுமி வந்தாள். மழைகூட இல்லாததால் மூன்றாவது ஆளும் இல்லை. படித்துத் தயாராக வைத்திருந்த பதில் உபதேசியார் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே.

மறுநாள் பால் நிறுக்கிற இடத்தில் கருப்பாயியைப் பார்த்து, ஏன் வரவில்லை என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அவள் வாளியை இறக்கி வைத்தாள்.

"கேக்கிறதுக்கு ஆளு இல்லாம பதிலு எதுக்கு உபதேசியாரே? வீட்டுல வச்சுப் பூட்டவா?"

அவள் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் உபதேசியார் பாய் கடைக்குப் போனார். பிரசங்கத்துக்குப் பிறகு அவர் அங்கே கால்வைக்கவில்லை. கடையில் ஆள் இல்லை. பாய் முகத்தைப் பார்க்காமல் ஒரு குவளை தேத்தண்ணி போட்டு முன்னால் வைத்தார். புலி என்று சொன்னது அவர் காதுக்கு வந்திருக்கும் என்பது அதிலேயே தெரிந்தது.

"என் ஆளுங்களை உங்க மார்க்கத்துக்கு இழுக்கப் பார்த்தீங்களா பாய்?" என்றார் உபதேசியார். கேட்டுத் தீர்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

பாய் தோள் துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். இழுப்பதற்குத் தனக்கே மார்க்கம் எவ்வளவு தெரியும் என்று சிரித்தார். கருப்பாயி பதில் கொண்டுவர ஆரம்பித்த பிறகு, திருப்பிச் சொல்லத் தெரியாமல் ரயிலடிப் பள்ளிவாசல் லெப்பையிடம் இரண்டு தடவை போய்க் கேட்டு வந்தாராம். இத்தனை வயதுக்கு இப்போதுதான் ஒழுங்காக ஓதுகிறீர் என்று லெப்பை கிண்டல் செய்தாராம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"முதல்ல உங்ககிட்டதான் கேட்டேன், உபதேசியாரே. ஒரு தடவை இல்ல. நீங்க ரப்பர் விலை கேட்டீங்க. எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. இந்த மனுஷனுக்கே அவரு சாமி மேல நம்பிக்கை இல்லையோன்னு. அதான் உங்க ஆளுங்களக் கேட்டுப் பார்த்தேன்."

உபதேசியாருக்குத் துரையின் கட்டளை நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பாய் முதலில் கேட்ட அன்றைக்கு அவர் வாயை அடைத்தது துரை இல்லை. பதில் தெரியாது, தேடவும் மனமில்லை, அவ்வளவுதான். ஊரெல்லாம் திருடனைத் தேடியவருக்குத் தன் வீட்டு அடுப்பு அணைந்துகிடந்தது தெரியவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

குவளையைக் கையில் எடுத்தார். பிறகு, "அன்னைக்குக் கேட்டதைத் திரும்பக் கேளுங்க பாய்" என்றார்.

பாய் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். "அவரே சாமின்னா, யாரைத் தொழுதாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

உபதேசியார் வாயைத் திறக்கிற நேரத்தில் வாசலில் கறுப்புக் குடை நின்றது. ஜெயபாலன் கிராணி. துரை ஞாயிற்றுக்கிழமை வருகிறார். துரைக்குத் தமிழ் தெரியாது. இந்தக் கிராணியின் வாய் எதைச் சொல்கிறதோ அதுதான் துரைக்குச் செய்தி.

ருக்னுதீன் பாய் கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்து, தோட்டத்துக்கே கேட்கிற குரலில் பேச்சை மாற்றினார்.

"அப்புறம் உபதேசியாரே, ரப்பர் விலை இன்னைக்கு எப்படியாம்?"

பாய் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. புலி என்று பிரசங்கத்தில் ஏசினவனுக்காக அந்த மனுஷன் வாசலை மறைத்துக்கொண்டு காவல் நின்றான். வேதமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் ஒளிந்துகொண்ட அதே மறைவைத் திறந்து, இதோ வா என்று காட்டுகிறான். ஒரு வார்த்தை போதும். விலை இறங்கிவிட்டது பாய் என்று சொன்னால் வேலை தப்பும், வீடு தப்பும், பிள்ளைகள் தப்பும்.

அவர் குவளையை மேசையில் வைத்தார்.

"ரப்பர் விலை கெடக்கட்டும் பாய். அவரு யாரைத் தொழுதாருன்னு கேட்டீங்க. எனக்கு முழுசாத் தெரியாது. விளங்கின மட்டும் சொல்றேன், மிச்சத்தைப் படிச்சிட்டு வர்றேன்." பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார். "கிராணியாரே, நீங்களும் உக்காருங்க. புதன்கிழமை கருப்பாயி இதைக் கேப்பா."

ஜெயபாலன் குடையை மடக்கவில்லை. உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. உபதேசியார் சொல்ல ஆரம்பித்தார்.