கூட்டல் குறிக்கு அந்தப் பக்கம்

கேளுங்கள் கண்ணுகளா, இந்தக் கதையில் இரண்டு சுத்தியல்கள் வருகின்றன. ஒன்று டிவிக்குள்ளே இருந்தது. இன்னொன்று அதே டிவிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவர்தான்.

அவரை எல்லோரும் டிங்கர் என்றே கூப்பிடுவார்கள். மோதி நசுங்கி வருகிற வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஒரு கதவு வந்தாலும், அவர் கையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் அதற்கு முகம் வந்துவிடும். போன மழைக்காலத்தில் ஜாக்கி நழுவி, ஒரு வண்டியின் முன்பக்கம் அவருடைய வலது தோள்மேல் இறங்கிவிட்டது. உள்ளே தசைநார் அறுந்துபோனது. தைத்தார்கள். தைத்த டாக்டர் சுற்றி வளைக்காமல் முகத்தைப் பார்த்தே சொன்னார்:

"ஒரு தண்ணி பாட்டிலுக்கு மேல இந்தக் கையால தூக்காதீங்க. இன்னொரு தடவை அறுந்தா, தைக்கறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்ல."

டிங்கர் சமர்த்தாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, விரல் மடங்க ஆரம்பித்ததும், சுத்தியலைத் தேற்றத் தொடங்கிவிட்டார். தன்னைத் தேற்ற முடியாதவர் வேறு எதைத் தேற்றுவார், பாவம். கனமான தலையைக் கழற்றிவிட்டு லேசான தலை போட்டார். அடிப்பக்கம் வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினார். மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள ஒரு வார் தைத்துத் தரச்சொல்லி மனைவியிடம் கேட்டார். அவள் மறுத்துவிட்டாள், செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து வாங்கிக்கொண்டார். பிடியை மட்டும் மாற்றவில்லை. இத்தனை வருஷம் பிடித்துப் பிடித்து, அவருடைய கட்டை விரல் இருக்கும் இடத்தில் அந்த மரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

பட்டறை முதலாளி ஒருநாள் பழமும் கையுமாக வந்து உட்கார்ந்தார்.

"தகடு சோதிக்கற வேலைக்கு வந்துடுப்பா. உள்ளங்கையை வச்சுத் தடவிப் பாத்து எங்க மேடு, எங்க பள்ளம்னு சொல்லணும். கண்ணுக்குத் தெரியாத நெளிவு உன் கைக்குத் தெரியும். எனக்கு அந்த ஆள்தான் இல்ல."

"நான் அடிக்கறவன் முதலாளி. தடவறவன் இல்ல." டிங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "திங்கட்கிழமை வரேன். அடிச்சுக் காட்டறேன். அப்புறம் பேசுவோம்."

முதலாளி டிங்கரின் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். திங்கட்கிழமை அந்தச் சுத்தியலை ஓங்கினால் அந்தக் கை அன்றோடு போச்சு. இது அவளுக்குத் தெரியும். அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், டாக்டர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். சுவரிடம் சொன்ன மாதிரிதான்.

இப்படியே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்துவிட்டது.

இப்போது டிவிக்குள் இருந்த சுத்தியலைச் சொல்கிறேன். அது ஒரு கேம். மலை, கோட்டை, பேய், பிசாசு எல்லாம் உள்ள ஊர். அதில் நம் ஆள் ஒருவன் ஆயுதத்தோடு சுற்றுவான். எதிரியைக் கொல்லக் கொல்லப் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைப் பலத்தில் போடலாம், லாவகத்தில் போடலாம், மந்திரத்தில் போடலாம், அவரவர் விருப்பம். கூடவே சில கற்கள் கிடைக்கும். கற்களைக் கோட்டைக் கொல்லனிடம் கொடுத்தால் ஆயுதத்தை ஒரு படி ஏற்றித் தருவான்.

கை நன்றாக இருந்த காலத்திலேயே டிங்கரும் அவருடைய மச்சானும் சேர்ந்து ஆடிய கேம் அது. மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. அதே பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறான். பெயரும் பெயிண்டு ஆகிவிட்டது. அந்த நாளில் டிங்கர் புள்ளிகளை எல்லாம் லாவகத்திலேயே கொட்டினார். "நாள் பூரா பட்டறையில சுத்தியல், இங்கயும் சுத்தியலா? இங்க நான் மெலிஞ்சவன்டா, காத்து மாதிரி போவேன்" என்று சிரிப்பார். மெல்லிய வாள் ஒன்றை வைத்துக்கொண்டு அப்படித்தான் போனார்.

கை போன பிறகு அந்த வாளைப் பெட்டியில் போட்டுவிட்டு, அந்த ஊரிலேயே பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவர் வலது முழங்கைக்குக் கீழே தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். கைக்குப் பயிற்சி சொல்லித்தரும் ஆஸ்பத்திரி அம்மா, விரலுக்கு நல்லது என்று இந்த விளையாட்டை அனுமதித்திருந்தார். திரையில் ஒரு பாலம். பாலத்தின் நடுவில் இரும்பு உடுத்திய காவல்காரன். டிங்கரின் ஆள் சுத்தியலை ஓங்கினான். அது இறங்குவதற்குள் காவல்காரன் ஈட்டியைச் செருகி எடுத்துவிட்டான்.

"போச்சு" என்றான் பெயிண்டு, ஜன்னலோரம் கால் நகம் வெட்டிக்கொண்டே. "மாமா, அவனுக்கே உங்களப் பாத்து சலிச்சிருக்கும். அடுத்த தடவை டீ குடுத்துட்டுதான் குத்துவான்."

"வாய மூடுறா."

"ஒரு கல்லு மிச்சமிருக்குல்ல? அதையும் சுத்தியலுக்கே போடுங்க."

போட்டார். கொல்லன் தட்டினான். சுத்தியல் கடைசிப் படிக்கு வந்தது. அதற்கு மேல் ஏற்ற இடமே இல்லை. பாலத்துக்குப் போனார். இந்தத் தடவை சுத்தியல் காவல்காரன் தலையில் சரியாக இறங்கியது. அவனுக்கு உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற உயிர்க்கோடு நகத்தளவு குறைந்தது. அவ்வளவுதான். ஈட்டி வந்தது.

டிங்கர் கையிலிருந்த கேம் கருவியை மடியில் போட்டார். "ஏத்த வேண்டியதெல்லாம் ஏத்திட்டேன். இதுக்கு மேல என்னடா பண்றது?"

கேட்டது கேமைப் பற்றித்தான். ஆனால் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது. எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கொல்லன் பக்கத்தை இன்னொரு தடவை காட்டுங்க. சுத்தியலுக்கு நேரா ரெண்டு எண்ணு இருக்கே, நடுவுல கூட்டல் போட்டு. அது என்ன?"

"அடியோட பலம்."

"அது தெரியுது. ஏன் ரெண்டா இருக்கு?"

மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே இல்லை. சுத்தியலுக்கு நேரே முந்நூறு, கூட்டல், ஒன்பது என்று இருந்தது.

"பழைய வாளுக்கு என்ன போட்டிருக்கான்?"

டிங்கர் வேண்டாவெறுப்பாகப் பெட்டியைத் திறந்தார். "அது உதவாது. ஏத்த ஏத்தச் சின்னதாப் போற சனியன் அது. நீதானே சொன்ன, எஸ்ஸுன்னா சின்னதுன்னு."

உண்மை. அவள்தான் சொன்னாள். துணி ஆலையில் வெட்டுகிற பிரிவில் இருக்கிறவள். எஸ், எம், எல் என்று நாளெல்லாம் சட்டை அளவோடு கிடக்கிறவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவர் வாளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அதில் ஏ என்று இருந்த எழுத்து எஸ் ஆனது. "ஏய், எஸ்ஸுன்னா என்ன?" என்று கேட்டார். "சின்ன சைஸ்" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். அவர் தன் தோளைத் தொட்டுக்கொண்டு, வாளைப் பெட்டியில் போட்டுவிட்டார்.

இப்போது அவள் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். வாளுக்கு நேரே நூற்று முப்பது, கூட்டல், ஐந்நூற்றுப் பத்து.

"இங்க பாருங்க. சின்னதா ஆயிருந்தா இந்த எண்ணு எப்படி இவ்வளவு இருக்கும்?" பெட்டியில் கிடந்த துருக்கத்தி, உடைந்த கோடரி என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். அவற்றில் ஈ, டி என்று எழுத்து. கூட்டலுக்குப் பின்னால் இரண்டு, நான்கு என்று அற்ப எண். "டேய், ஈக்கு மேல டி, டிக்கு மேல சி. அப்படியே ஏறிப் போய், ஏவுக்கும் மேலதான் எஸ்ஸு. இது சட்டை சைஸ் இல்லடா."

பெயிண்டு நகவெட்டியைக் கீழே வைத்தான். "அக்கா, நீ பேசாம துணி வெட்டறத விட்டுட்டு எங்களோட ஆட வந்துடு."

"நீ வாய மூடு. மந்திரவாதியா ஆடறேன்னு இத்தனை நாளா இதப் பாக்காதவன்தானே நீ?"

பிறகு அவள் கணவருக்குச் சொன்னாள், பின்னாளில் எனக்குச் சொன்ன மாதிரியே நிதானமாக: "முதல் எண்ணு இரும்போடது. கல்லு போட்டா அது ஏறும், யார் புடிச்சாலும் அது உண்டு. கூட்டலுக்கு அந்தப் பக்கம் இருக்கறது கையோடது. இந்தச் சுத்தியல் பலத்தைக் கேக்குது. உங்க ஆளுகிட்ட பலம் அதத் தூக்கற அளவுக்குத்தான் இருக்கு, அதான் ஒன்பது. வாள் லாவகத்தைக் கேக்குது. அது உங்ககிட்ட கொட்டிக் கிடக்கு."

"அப்ப நான் போட்ட கல்லெல்லாம்?"

"இரும்புக்குப் போட்டீங்க. கைக்குப் போடலயே."

பெயிண்டு ஜன்னலோரத்திலிருந்து கிட்டே நகர்ந்து வந்தான். "மாமா, இதுக்கு ஒரு வழி இருக்கு. கேம்ல குளத்தடியில ஒரு கிழவி இருக்காளே, அவகிட்டப் போனா போட்ட புள்ளியெல்லாம் உருவிக் கையில குடுத்துடுவா. லாவகத்தை எடுத்துப் பலத்துல போட்டுக்கலாம். சுத்தியலையே வச்சு ஆடலாம்."

டிங்கர் அவனைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"அந்தக் கிழவி விலாசம் குடேன்டா மச்சான்" என்றார். "நான் நேராவே போய்ப் பாக்கறேன்."

பெயிண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

மனைவி எழுந்தாள். தன் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துவந்து அவர் தலையணையின்மேல் வைத்தாள். அவள் இடதுகைக்காரி. ஆலையில் அவளுக்கு நொட்டாங்கை என்றே பெயர்.

"வேலைக்குச் சேந்த புதுசுல புதுக் கத்திரியாத்தான் குடுத்தாங்க. நான் புடிச்சா துணிய மென்னு துப்பும். சாணை புடிச்சுப் பாத்தேன், வேற வாங்கிப் பாத்தேன். வேலை தெரியாதவள்னு அனுப்ப இருந்தாங்க. நீங்கதான் எங்கயோ தேடி, இடக்கைக்குன்னே செஞ்ச இந்தப் பழசைக் கொண்டுவந்தீங்க. முனைகூட மழுங்கிக் கிடந்துச்சு. வச்ச உடனே தண்ணி மாதிரிப் போச்சு. அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

அவர் கத்திரியின் பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"கத்திரி மேலயும் தப்பில்ல, உன் கை மேலயும் தப்பில்ல, ரெண்டுக்கும் கைவாகு இல்ல, அவ்வளவுதான்னு சொன்னீங்க. அழுதுட்டிருந்தவ அன்னைக்குத்தான் சோறு தின்னேன்." அவள் சுவரோரம் இருந்த சுத்தியலைக் காட்டினாள். "அந்தச் சுத்தியலுக்கு இப்பவும் ஒரு குறையும் இல்லங்க. அதுக்கு ஒரு கை வேணும். அது உங்க கை இல்ல."

வீட்டில் அத்தனை நாளும் யாரும் சொல்லாத வார்த்தை அது. டாக்டர்கூட அப்படிச் சொல்லவில்லை.

டிங்கர் கத்திரிக்கோலை எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு கருவியை எடுத்தார். திரையில் அவருடைய ஆள் சுத்தியலைப் பெட்டியில் வைத்தான், மெல்லிய வாளை எடுத்தான், பாலத்துக்கு நடந்தான். ஈட்டி வந்தபோது ஒதுங்கினான். ஒதுங்கிய இடத்திலிருந்தே செருகினான். காவல்காரனின் உயிர்க்கோடு துண்டு துண்டாகப் போயிற்று. அவன் பாலத்தில் சரிந்தபோது பெயிண்டு துள்ளி எழுந்தான். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

டிங்கருக்கு முகத்தில் வெற்றி இல்லை. டிவியை அணைத்தார். சுவரோரச் சுத்தியலை இடது கையால் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஓங்கிப் பார்க்கப் போகிறாரா? ஒரு அடி விழுந்தால்கூட அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டது வேறு சத்தம். கரகரவென்று, மரத்தில் அரம் இழைகிற சத்தம்.

போய்ப் பார்த்தாள். வாரையும் ரப்பரையும் அறுத்துப் போட்டிருந்தார். பிடியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் அரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தன் கட்டை விரல் பதிந்த பள்ளத்தைச் சுற்றி மரத்தை இழைத்து மட்டமாக்கிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை; அரம் நழுவி நழுவி ஓடியது. முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

அவள் எதிரே உட்கார்ந்து, பிடியின் மறுமுனையைத் தன் இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

பள்ளம் மறைந்த பிறகு அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய் மச்சான், இங்க வா. இதப் புடிச்சுப் பாரு."

பெயிண்டு வந்து நின்றான். மரத்தூளைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "மாமா... நான் பெயிண்ட் அடிக்கறவன்."

"அடிக்கறவன்தானே? இதையும் அடி. எங்க அடிக்கணும்னு நான் தடவிப் பாத்துச் சொல்றேன்."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள், சொல்லுடா என்பது போல் கண்ணை மூடித் திறந்தாள்.

"கட்டை விரல்கிட்ட மட்டும் கொஞ்சம் இடிக்குது மாமா."

"எங்க? காட்டு."

காட்டினான். டிங்கர் அந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு சுத்தியலைத் திரும்ப வாங்கி முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அரத்தை எடுத்தார்.