கறார் முதலாளியின் வலது கை

ஜிப்சம் மில் முதலாளி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தங்கையைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே கெட்டியானார். பத்தரைக்குத் தட்டிப் பார்த்தார்கள். நல்ல சரக்கின் சத்தம் வந்தது. அன்றைய மூட்டை விலையில் மாற்றமில்லை.

அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கறார் என்றால் போதும். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் பதினைந்து கோடி டன் ஜிப்சம் வெட்டுகிறார்கள். பெரும்பங்கு சிமெண்டுக்குள்ளும் சுவர்ப் பலகைக்குள்ளும் போய்ப் படுத்துக்கொள்கிறது. மிச்சம் சாக்பீஸாகிறது, உடைந்த காலுக்கு மாவுக்கட்டாகிறது, பீங்கான் கோப்பைக்கு அச்சாகிறது. எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத ஒரு பங்கு முப்பத்துநாலு வருடமாக மூக்கு வழியாகக் கறாருக்குள் போயிருந்தது. சுட்ட தூளில் தண்ணீர் பட்டால் பத்து நிமிடத்தில் இறுகிவிடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆகவே வேர்க்கிற வேலை எதையும் அவர் தொட்டதில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதைத்தான் குளியல் என்றார். தண்ணீர் குடிப்பதுகூடக் குழல் வைத்து, நேராகத் தொண்டைக்கு. பெற்ற தாய் செத்த அன்று, கண் கலங்கிவிடுமோ என்று பயந்து, லாரி எடை பார்க்கப் போய்விட்டார்.

சூளை தங்கையின் பொறுப்பு. கல்லைப் பொடித்துச் சட்டியிலிட்டுத் தீ மூட்டினால் தூள் பால் போலக் கொதிக்கும். முதல் கொதி அடங்கியதும் இறக்கினால் அது விலை போகும் மாவு. இரண்டாம் கொதியையும் தாண்ட விட்டால் செத்த தூள்; பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் இறுகாது. அந்த நேரத்தைக் கடிகாரம் காட்டாது. சூளைக்காரியான தங்கைதான் ஆவிக்கு மேலே புறங்கையை நீட்டிச் சொல்வாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சட்டிகூடச் சாகவில்லை. சம்பளம் கேட்டால், "வீட்டுப் பொண்ணுக்கு எதுக்குச் சம்பளம்" என்பார் அண்ணன். சூளை உனக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார், விருந்தாளிகள் இருந்த நாட்களில் மட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் சூளை வாசலில் வந்து நின்று, "மில்லை விக்கிறேன். நாளைக்குக் கையெழுத்து. பலகைக் கம்பெனிக்காரன் புது மெஷின் போடுறான், சூளைய இடிச்சிடுவான்" என்றார்.

"சூளை எனக்குன்னு சொன்னீங்களேண்ணா."

"சொன்னேன். சொல்றதுக்கு என்ன, டன் கணக்குல சொல்லலாம். நீ போய் வீட்டுல பாத்திரம் கழுவு."

சாம்பல் அணைக்கிற தண்ணீர் வாளி அவள் கையில் இருந்தது. அது இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பின்னாளில் யாரும் கேட்கவில்லை. அவர் மூஞ்சியிலிருந்து பாதம் வரை நனைந்து, "ஏ நாயே" என்று தொடங்கி, வசவுகளை வரிசையாக இறக்கிக்கொண்டே வந்து, ஏழாவதில் நின்றுவிட்டார். டாக்டர் வந்து நாடி பார்த்தார். நாடி இருக்கிறது, ஆனால் தூரத்தில் இருக்கிறது என்றார்.

மறுநாள் கம்பெனித் தரகர் பத்திரத்தோடு வந்தபோது பதறியவள் அண்ணி ஒருத்திதான். அவளுக்கு மில்லும் வேண்டாம், தூளும் வேண்டாம், நகரத்தில் மாடிவீடு வேண்டும். இறுகிய ஜிப்சத்தை மறுபடி சுட்டால் இளகும் என்பது மில் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட அவளுக்கும் தெரியும்.

"முழு ஆளை வைக்கிற அளவுக்குச் சட்டி இல்லை அண்ணி," என்றாள் சூளைக்காரி.

"முழு ஆளு யாருக்கு வேணும்? கை போதும். வாய்ப் பக்கம் தீயே போகக் கூடாது, சொல்லிட்டேன்."

சாம்பிள் சட்டியில் சூடான தூளை நிரப்பி, அதில் அண்ணனின் வலது கையைப் புதைத்து, கீழே கரி போட்டாள். இருபது நிமிடத்தில் ஆவி வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. கை வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தங்கையின் கன்னம் இருக்கும் திசைக்கு வீசியது. அவள் அந்தத் திசையில் நிற்கவில்லை. தரகர் பத்திரத்தை வைத்தார். கை தாளைத் தடவியது, தடிமனைப் பார்த்தது, முத்திரைத்தாள் என்று கண்டுகொண்டு மூன்று விரலைத் தூக்கியது.

"மூணு லட்சம் கூடவா? ஒண்ணு தரேங்க."

கை நான்கு விரலைத் தூக்கியது.

"என்னங்க இது, நான் ஏறி வந்தா நீங்க இறங்கி வரணும்ல?"

அரை மணி நேரத்தில் கை, ஐந்து விரலையும் மூன்று தடவை விரித்து, பதினைந்தில் நின்றது. தரகர் பையை மூடினார். "மூஞ்சியப் பாத்துப் பேரம் பேசலாம், வாயப் பாத்துப் பேசலாம். கையோட எப்படிம்மா பேசறது?" என்று சொல்லிவிட்டுப் போனவர் வேறு ஊரில் மெஷின் போட்டார். அண்ணி புருஷனின் மாவு முதுகில் ஓர் அறை வைத்துவிட்டு, கை வலிக்க, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூளைக்காரி கையை மீண்டும் சட்டிக்குள் விட்டு, புறங்கையை ஆவியில் நீட்டினாள். முதல் கொதி அடங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதையும் தாண்டிவிட்டால் கை செத்துவிடும். முத்திரைத்தாளைத் தடவித் தடவிப் பார்க்கிற அண்ணன், எடைச்சீட்டை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. டிரைவர் கல்லை வழியில் இறக்கிவிடுவானோ என்று கண் லாரிமேல் இருக்கும். கை பாட்டுக்குச் சீட்டுச் சீட்டாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகும். அவள் ஒரு கட்டு எடைச்சீட்டை எடுத்தாள். ஏழாவது சீட்டில், சூளையைத் தங்கைக்குக் கொடுத்தேன் என்று முந்தின இரவே எழுதி வைத்திருந்தாள். கையைச் சட்டியிலிருந்து எடுத்து, எடைக் குமாஸ்தா செய்வதுபோல மேசையை இரண்டு தட்டுத் தட்டி, விரல்களுக்குள் பேனாவைச் செருகினாள்.

கை போட்டது. ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு. எட்டாவதில் நின்றது. பின்னால் போய் ஏழாவது சீட்டை விரலால் தடவி, பேனா அழுந்திய பள்ளங்களை உணர்ந்து, மெல்ல மடங்கி முஷ்டியாயிற்று. அவள் தண்ணீர்ச் செம்பை அதன்மேல் கவிழ்த்தாள். பத்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பதிவாளர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கையெழுத்து ஒசத்தி, காகிதம்தான் மட்டம் என்று சொல்லி முத்திரை குத்தினார். மில் அண்ணியிடம், சூளை தங்கையிடம். ஒன்பது வருடமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதைச் சொந்தச் சாக்பீஸால் கதவில் எழுதுகிறார்கள், பெரும்பாலும் வசவு. கறாரைப் பதினோரு பேர் தூக்கி வாசல் எடைமேடை ஓரம் நிறுத்தினார்கள். மழைக்காலத்தில் அவர்மேல் யார் தார்ப்பாய் போடுவது என்பதில் மட்டும் வழக்கு நடக்கிறது.

மாவு வாங்க வருகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொன்னால் சூளைக்காரி வாசலைக் காட்டுவாள். "அண்ணன் அங்கதான் நிக்கிறாரு. அவர்கிட்ட கேட்டுக்கங்க." அவர்கள் போய் அந்த முஷ்டியைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு திரும்பி வந்து, சொன்ன விலைக்கே மூட்டையை ஏற்றிக்கொண்டு போவார்கள்.