கொட்டாஞ்சேனைச் சுங்கான்

வாய்க்கரிசித் தட்டை மாமி மறுபடியும் தள்ளிவிட்டாள்.

"கேட்டதைக் குடுக்காத கை. இந்தக் கையால போடமாட்டன். தம்பி, அந்தச் சுங்கானை எடுத்துக்கொண்டு வாங்கோ."

மருமகன் வரதராசாவுக்கு விஷயம் தெரியும். மாமாவுக்கு நெஞ்சுச் சளி முற்றியதும் டொக்டர் புகைக்கக் கூடாது என்றார். மெருகு போடவென்று அவருடைய புகைக்குழாயை, அந்தச் சுங்கானை, கொட்டாஞ்சேனைப் பட்டறைக்கு அனுப்பிய மாமி, திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினாள். "சுங்கான் வந்ததோ?" என்று தினமும் கேட்டுக் கேட்டே மனுசன் நேற்றுக் கண்ணை மூடிவிட்டார்.

உலக யுத்தத்தால் காருக்குப் பெற்றோல் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து ரயில், பிறகு ரிக்‌ஷா. தூக்கமில்லாத உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. பிரேதத்தை வீட்டில் கிடத்திவிட்டுச் சுங்கான் தேடி அலைகிற மருமகன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

பட்டறையில் ஒருவன் கருங்காலிக் கட்டையில் குழி கடைந்துகொண்டிருந்தான். இன்னொருவன் எருமைக் கொம்பைச் சூடுகாட்டி வாய்ப்பிடிக்கு வளைத்துக்கொண்டிருந்தான். முதலாளி செபஸ்தியன் செய்தி கேட்டு, அரத்தைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். சுங்கானை எடுத்து நீட்டினார். அதற்குள் கருகிய புகையிலை.

"ஆர் இதில பத்தினது?"

"பெரியவருதான் ஐயா. வெள்ளிக்கிழமை தவறாம வருவாரு. அம்மா குடுக்க வேணாம்னாங்கன்னு சொன்னேன். 'நீ குடுக்காத, நான் இஞ்ச இருந்தே பத்திறன்'னு அந்த ஸ்டூல்ல ஒக்காந்துக்குவாரு. சுரண்டித் தொடச்சுத் தரவா?"

வெள்ளிக்கிழமைகளில் மாமா செட்டியார்தெருக் கோயிலுக்குப் போவதாகத்தான் வீட்டில் பேச்சு. தினமும் கேட்டதும் நடிப்புத்தான். வரதராசாவுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த கணமே பயமும் வந்தது. அந்தப் புகைதான் மாமாவைக் கொண்டுபோனது என்று மாமி உடைந்துபோனால்? ஆனால் 'கேட்டதைக் குடுக்காத கை' என்று மாமி அரிசித் தட்டைத் தள்ளியதை நினைத்தான்.

"வேண்டாம். அப்பிடியே தாங்கோ."

வீட்டில் அழுது களைத்த பெண்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். மாமி சுங்கானை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். கரி ஒட்டியது.

"வெள்ளிக்கிழமையோ?"

"ஓம், மாமி."

"வரேக்க வாயில ஏலக்காய் மணக்கும். பிரசாதமெண்டு நினைச்சன்."

பிரேதத்தின் பக்கம் திரும்பி மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கள்ளன்," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சுங்கானை அவர் கையோடு சேர்த்து வைத்தாள். கரி பட்ட விரலைத் துடைக்காமலே அரிசியை அள்ளினாள்.