பெட்ரோல் கப்பலும் பொடி டப்பாவும்

வலியதுறை கடல்பாலத்தின் வாசலில் மூன்று மொழிகளில் ஒரு பலகை இருந்தது. பெட்ரோல் கப்பல் நங்கூரமிட்டுச் சிவப்புக் கொடி ஏறிவிட்டால் தீப்பெட்டி, பீடி, சுருட்டு, விளக்கு எதையும் கொண்டு ஒருவரும் உள்ளே போகக் கூடாது. கப்பலில்கூட அடுப்பு எரியக் கூடாது. இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொது என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. பலகைக்கு என்ன, எதை எழுதினாலும் தாங்கும்.

என் பெயர் ராகேல். அந்த வாசலில், சுமை தூக்க வரும் சுமட்டுப் பெண்களின் மடியைச் சோதிப்பது என் வேலை. ஆண்களைச் சோதிக்கப் பியூன் பூதலிங்கம் இருந்தார். என் வீட்டுக்காரர் ஞானையன், கப்பலிலிருந்து பெட்ரோல் பீப்பாய்களைக் கரைக்குக் கொண்டுவரும் படகில் தண்டலாக, படகோட்டிகளுக்குத் தலைவனாக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் படகு கப்பலோரத்திலேயே பற்றி எரிந்தது. படகிலிருந்த நான்கு பேரும் போனார்கள். ஒரு உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

பிழைத்தவன் ஒருவன்தான். கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா சேஷய்யர். தீப்பிடித்தபோது அவன் கப்பல் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். விசாரணையில், தண்டல் பீடி குடித்ததைக் கண்ணால் கண்டேன் என்று சொன்னான். அதோடு விசாரணை முடிந்தது. என் வீட்டுக்காரர் மூன்று பேரைக் கொன்றவர் ஆகிவிட்டார்.

அவர் பிறந்ததிலிருந்து பீடி தொட்டதில்லை. குடித்தது சேஷய்யர். பீடி குடிக்கிறான் என்று தெரிந்தால் கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் அவனை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். கடலில் யார் மோந்து பார்க்கப் போகிறார்கள்? பீடியையும் தீக்குச்சியையும் பித்தளை மூக்குப்பொடி டப்பாவுக்குள் வைத்து, பூணூலில் சாவியோடு சேர்த்துக் கட்டியிருப்பான். படகில் ஏறியதும் பற்றவைப்பான்.

"சாமி பூணூல்ல கொள்ளியக் கெட்டிக்கிட்டுல்லா படகுல ஏறுதாரு" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் வீட்டில் சொன்னார்.

"வேண்டாம்னு சொல்லப்பிடாதா?"

"சொன்னேன். நாளைக்கு வேற தண்டல் வருவான்னுட்டாரு."

விசாரணையில் இதையெல்லாம் சொன்னேன். அது பொடி என்றான் அவன். திறந்து பார்க்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அவனைத் தொட்டால் தீட்டு. பூதலிங்கம்கூட நான்கடி தள்ளி நின்று, "சாமி, ஒண்ணும் இல்லியே?" என்றுதான் கேட்பார். இல்லை என்பான். சோதனை முடிந்தது. பெட்ரோல் தீட்டுப் பார்க்குமா என்று யாராவது யோசித்தார்களா?

செல்லபாய் புருஷனும் அந்தப் படகில் போனவர்தான். அவள் சுமடு எடுக்க வரும்போதெல்லாம் நான் அவள் மடியைச் சோதிக்க வேண்டும். "கொலகாரன் பெண்டாட்டி கை எம்மேல படுகே" என்று காறித் துப்புவாள். "எங்க ஆளுவ மூணு பேர அநியாயமாக் கொன்னுட்டானே" என்பாள். நான் சோதித்து முடித்து அவளை உள்ளே விடுவேன். கெஞ்சிக் கூத்தாடி நான் அந்த வேலையை வாங்கியது சம்பளத்துக்காக இல்லை. சேஷய்யர் தினமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

கொடி ஏறும் நாளெல்லாம், அவன் எரிய வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். ஜெபத்தில் அப்படிக் கேட்கலாமா என்று போதகரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எரிந்தால் அவன் மட்டுமா எரிவான்? அதுதான் என் ஜெபத்தைக் கட்டிப்போட்டது. டப்பாவைப் பிடுங்கலாமென்றால் அவனைத் தொடவும் பயமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அன்று பெரிய கப்பல் வந்திருந்தது. வழக்கமாகப் பாலத்தின் கடைசியில் நிற்கும் துறைமுக அதிகாரி, அந்த வெள்ளைக்காரத் துரை, வாசலுக்கே வந்து நின்றார். செல்லபாயின் தம்பி யோசுவா அன்றுதான் முதல்முதலாகப் பெட்ரோல் படகுக்குப் போகிறான். "பாத்துப் போ மக்கா" என்று அவன் முதுகைத் தடவி அனுப்பினாள். அவன் போன கொஞ்ச நேரத்தில் சேஷய்யர் வந்தான். உப்புக்காற்றில் வீணாகிவிடும் என்று சட்டை போடாமல், தோளில் நேரியது என்ற மேல்துண்டை மட்டும் போட்டிருந்தான். நாங்கள் வழக்கம்போல அவன்மேல் படாமல் பாலத்துக் கம்பியோடு ஒட்டி நின்றோம்.

"சாமி, ஒண்ணும் இல்லியே?"

"இல்லை."

அவன் என்னைத் தாண்டினான். இவன் இன்றைக்கும் அந்தப் பையனின் படகில்தான் ஏறப் போகிறான். குறுக்கே போய் நேரியதை விலக்கி, டப்பாவை எட்டிப் பிடித்தேன். துரை பக்கம் இழுத்தேன். கயிற்றில் கட்டிய கன்று மாதிரி அவனும் கூடவே வந்தான்.

"ஐயோ, தொட்டுட்டாளே! விடுடி! தீட்டாயிடுத்து!"

"ஏ ராகேலு, உனக்குக் கிறுக்கா? விடு!" என்று பூதலிங்கம் கத்தினார்.

"தொறந்து பாருங்க தொர" என்றேன். என் பிடி தளரவில்லை.

அது பொடி சார், வெறும் பொடி என்றான் சேஷய்யர். துரை டப்பாவைத் தன் கையாலேயே திறந்தார். உள்ளே ஐந்தாறு பீடிகளும் தீக்குச்சிகளும் இருந்தன. மூடியின் உட்புறத்தில், தீப்பெட்டியின் உரசும் பட்டையை வெட்டி ஒட்டியிருந்தான்.

"இவதான் வச்சுட்டா சார்!"

துரை டப்பாவைக் கட்டியிருந்த பூணூல் முடிச்சைப் பார்த்தார். இறுகி அழுக்கேறிய பழைய முடிச்சு அது. பிறகு பலகையைக் கைகாட்டி அவனை என்னவோ கேட்டார்.

செல்லபாய் தலைச்சும்மாட்டை எறிந்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அப்பம் அன்னைக்கும் படகுல வச்சுக் குடிச்சது நீருதானா?"

"நான் வேணும்னு செய்யலை. ஏணியில ஏறறச்சே காப்டன் எட்டிப் பார்த்தார். பயத்துல கையிலேர்ந்து படகுல விட்டுட்டேன்…" அவன் பூணூலைத் தன் பக்கம் இழுத்தான். "என்னை விடுங்கோ. தீட்டோட நிக்கறேன். நான் குளிக்கணும்."

நாலு உயிர் போன கதையைச் சொல்லும்போதும் இவனுக்குக் குளியல்தான் பெரிதாக இருந்தது. பூணூலோடு சேர்த்துக் கடலில் தள்ளிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அதற்குள் செல்லபாய் என் பக்கத்தில் வந்து, டப்பாவைப் பிடித்திருந்த என் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"குளிக்கணுமா சாமி? அந்தா கெடக்கு கடலு, எறங்கும். எங்க ஆளுவ நாலு பேரும் அதுலதான் கெடக்காவ."

அவன் கடலைப் பார்த்தான். இறங்கவில்லை.

செல்லபாய் நாலு பேர் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.