ஜெயக்கொடியின் கைகள்

கப்பலூர் தொழிற்பேட்டைக் கொட்டகையில் காலை ஆறு மணிக்கே வாளிகள் உருளும். ரெசின் பிசினில், அதை இறுக வைக்கும் ஹார்டனரை ஊற்றிக் கட்டையால் கலக்கும்போது எழும் நெடி, மூக்கைத் தாண்டி நாக்கில் கசக்கும். அந்தக் கலவையை மின்சாரப் பெட்டிகளுக்குள் ஊற்றி அடைப்பது எங்கள் வேலை.

என் விரலிடுக்குகள் வெடித்து நீர் வடிந்தது. எதிரே நிற்கும் ஜெயக்கொடியின் கைகளோ, ஏழு வருடத்துக்குப் பிறகும், நேற்று மருதாணி கழுவியவை போல இருந்தன. அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பேன். அவளுக்கு மட்டும் நல்ல கையுறை தருகிறார்கள் என்று நினைத்து ஒருநாள் அதைத் திருடி மாட்டிக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் வெறுங்கையோடு கலக்கினாள். அதுவும் என்னுடையதைப் போன்ற மெல்லிய உறைதான்; கொப்புளம் எனக்குத்தான் கூடியது. அதற்காகவும் அவளை வெறுத்தேன்.

தோல் டாக்டரம்மா விளக்கினார். "நீங்க கலக்குற இந்த ரெசின் மருந்து ரொம்பப் பொடிசு. தனியா இருந்தா ஒடம்பு கண்டுக்காது. தோல்ல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிட்டா எதிரின்னு சண்டைக்கு வந்துரும். அப்புறம் மறக்கவே மறக்காது. சிலருக்கு ஒரு மாசத்துல வரும், சிலருக்குப் பத்து வருசம் ஆகும். வராமலும் போகலாம்."

நானும், என்னைப் போலவே கை வெடித்த பாண்டிமீனாவும் முதலாளியிடம் போனோம். எல்லோருக்கும் நல்ல கையுறை, எங்களுக்கு வேறு வேலை கேட்டோம். அவர் நேராக நாங்கள் கலக்கும் மேசைக்கு வந்து ஜெயக்கொடியைக் கை நீட்டச் சொன்னார்.

"பொண்ணு பாக்க வந்தவரு மாதிரில்ல பாக்குறாரு" என்று முணுமுணுத்தாள் பாண்டிமீனா.

"மருந்துதான் காரணம்னா இவளுக்கு ஏன் வரல? ஒங்க ரெண்டு பேரு ஒடம்பு வாகு அப்படி. நாளைலருந்து வர வேணாம்."

ஜெயக்கொடி பெருமைப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"எங் கையக் காட்டி இவுக பொழப்புல மண்ணப் போடாதீங்க சார். எனக்கு இன்னும் வரல, அம்புட்டுத்தான்."

"ஒனக்கெதுக்கும்மா வம்பு? ஒன்னய சூப்பர்வைசராக்கலாம்னு இருக்கேன்."

அவள் வாளியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். மற்றவர்களின் பதினோரு வாளிகளும் அடுத்தடுத்துத் தரையில் இறங்கின. கலந்த ரெசின் நாற்பது நிமிடம்தான் தாங்கும்.

"ஏய், கெட்டியாயிரும்! வந்து ஊத்துங்க!" என்று கத்தினார் முதலாளி.

யாரும் திரும்பவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் ஜெயக்கொடியிடம் கேட்டேன்.

"பயமா இல்லையா ஒனக்கு?"

"இருக்குக்கா. கிட்ட வாங்க."

இந்தத் துணிச்சல் எனக்கு முதலில் வரவில்லையே என்று மறுபடியும் பொறாமை வந்தது. அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்தேன். முதலாளி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வாளிகள் சூடேறிப் புகைந்து, ஒவ்வொன்றாகக் கல்லாகிக்கொண்டிருந்தன.